முதல் தடவை ரசிகர் மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கு: கொழும்பிலிருந்து ஒரு வழிகாட்டி

நான் முதல் தடவை போனபோது காலை பத்து மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்து பின்னேரம் நாலு மணிக்கு வெளியே வந்தேன். அந்த ஆறு மணித்தியாலத்தில் நான் வாய் திறந்து சொன்னது மூன்றே மூன்று: "டிக்கெட் ஒன்று", "இது எவ்வளவு?", "தேங்க்ஸ்." போனில் இருநூறு படங்கள் இருந்தன. வீட்டுக்கு வந்து அவற்றைப் பார்த்தபோது ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியவில்லை. நான் பத்து வருஷமாக உயிராக நேசித்த தொடரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் என் முன்னாலேயே நின்றிருக்கிறார். படம் எடுத்தேன், கதைக்கவில்லை. அந்தக் கவலை அடுத்த வருஷம் வரை போகவில்லை.

இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம். டிக்கெட், பஸ், உடுப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் கடைசி வரை மறக்க வேண்டாம்: அங்கே போவது கதைக்க.

வெளிநாட்டு மாநாடுகளின் வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்கள், நடிகர்கள் வரிசையாக மேசை போட்டு இருந்து கையெழுத்து வைக்கும் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு வருவார்கள். கொழும்பில் அதை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். இங்கே 2015 ஆம் ஆண்டு லங்கா கொமிக் கொன் என்ற ரசிகர் மாநாடு தொடங்கியதிலிருந்து ஒரு வழக்கம் உருவாகியிருக்கிறது. காமிக்ஸ், அனிமே, வீடியோ கேம், தொலைக்காட்சித் தொடர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வரும். உள்ளூர் ஓவியர்கள், உடுப்புத் தைப்பவர்கள், கேம் விளையாடுகிறவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ரசிகர்கள். ரசிகர்கள்தான் அங்கே விருந்தாளிகளும்.

இது குறைந்த வகை மாநாடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொலைக்காட்சி ரசிகர் மாநாடு தொடங்கியதே இப்படித்தான். ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் 1966 இல் தொடங்கி, மூன்று பருவங்களோடு, 79 அத்தியாயங்களோடு 1969 இல் நிறுத்தப்பட்டது. இரண்டாம் பருவத்தோடேயே நிறுத்தப்பட இருந்ததை ரசிகர்கள் கடிதம் எழுதி எழுதித்தான் மூன்றாவது பருவம் வரைக்கும் கொண்டுவந்தார்கள். நிறுத்தப்பட்டு இரண்டரை வருஷத்துக்குப் பிறகு, 1972 ஜனவரியில், நியூயோர்க்கில் ஒரு ஹோட்டலில் ரசிகர்களே ஒரு கூட்டம் வைத்தார்கள். சில நூறு பேர் வரலாம் என்று நினைத்த இடத்தில் ஆயிரக்கணக்கில் சனம் வந்தது. புதிய அத்தியாயம் ஒன்றும் வராத காலத்திலும் வந்தார்கள். ஒருவரோடு ஒருவர் கதைக்க வந்தார்கள்.

முதலில் ஒரு தொடரைத் தெரிவு செய்யுங்கள்

மண்டபத்துக்குள் ஐம்பது உலகங்கள் இருக்கும். எல்லாவற்றையும் பார்க்கப் போனால் எதுவும் கையில் நிற்காது. போவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே, "இந்த முறை நான் இந்தத் தொடரின் ஆள்" என்று ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். என்னுடையது டொக்டர் ஹூ, காலத்தில் பயணம் செய்யும் டொக்டர் என்ற ஒருவரின் கதை. 1963 நவம்பர் 23 ஆம் திகதி பிபிசியில் தொடங்கிய தொடர், என் அம்மாவை விட வயது கூடியது. உங்களுடையது கொரியத் தொடராக இருக்கலாம், அனிமேயாக இருக்கலாம், சின்ன வயதில் பார்த்த கார்ட்டூனாக இருக்கலாம். எதுவானாலும் சரி. அதில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு அத்தியாயத்தை இன்னொரு தடவை பாருங்கள். ஏன் பிடித்தது என்று உங்களுக்கே ஒரு பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில்தான் அன்றைக்கு உங்களுடைய உண்மையான நுழைவுச்சீட்டு.

திகதி, இடம், டிக்கெட்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி பெரும்பாலும் சனி, ஞாயிறில் நடக்கும். இடம் வருஷத்துக்கு வருஷம் மாறும், ஆகவே போன வருஷம் போனவர் சொன்ன மண்டபத்தை நம்பிப் புறப்பட வேண்டாம். ஏற்பாட்டாளர்களின் சொந்தப் பக்கத்தில் திகதியையும் இடத்தையும் பாருங்கள், புறப்படுவதற்கு முதல் நாள் இரவு இன்னொரு தடவை பாருங்கள். டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்தால் வாசலில் ஒரு வரிசை மிச்சம். எடுத்தவுடனே அந்தக் குறியீட்டை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் போனைத் திறக்கும் வாசலில் டேட்டா ஓடாது.

இரண்டு நாள் நிகழ்ச்சியில் ஒரு நாள்தான் போகமுடியும் என்றால் என்னுடைய தெரிவு ஞாயிறு அல்ல, சனி. ஞாயிறில் உடுப்புப் போட்டி, பரிசளிப்பு என்று மேடை கலகலப்பாக இருக்கும், சனமும் முட்டி வழியும். சனிக்கிழமை காலையில் மேசைகளில் இருப்பவர்களுக்குக் களைப்பில்லை, நின்று கதைப்பார்கள்.

உடுப்பு

உடுப்புப் போடாமலும் போகலாம். பாதிப்பேர் சாதாரண டீஷேர்ட்டில்தான் வருவார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் ஏதாவது ஒரு அடையாளத்தைப் போடச் சொல்லித்தான் நான் சொல்வேன். தொப்பி, பட்டி, சின்னம் எதுவும் போதும். நீங்கள் வாய் திறக்கத் தயங்கும்போது அந்த அடையாளம் உங்களுக்காகக் கதைக்கும்.

என்னுடைய இரண்டாவது வருஷத்தில் நான் செய்தது ஒரு சால்வை. டொம் பேக்கர் 1974 இலிருந்து 1981 வரை நடித்த நான்காவது டொக்டரின் (அந்தப் பாத்திரத்தில் நடிப்பவர் மாறிக்கொண்டே வருவார்) நீளமான கோடுபோட்ட கம்பளிச் சால்வை. அது அவ்வளவு நீளமானதற்கு ஒரு கதை உண்டு. உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் அச்சிசன் பல நிறக் கம்பளி நூலை அள்ளிக்கொண்டுபோய் பெகோனியா போப் என்ற பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். அவர் கொடுத்த நூல் முழுவதையும் பின்னி முடித்துவிட்டார். 

கொழும்புப் புழுக்கத்தில் கம்பளியைக் கழுத்தில் சுற்றினால் மத்தியானத்துக்குள் மயக்கம் வரும். வெள்ளவத்தையில் இருக்கும் என் பெரியம்மா ஒரு வழி சொன்னா. பழைய கைத்தறிச் சேலைகளை அகலப் பட்டிகளாகக் கிழித்து, மண்ணிறம், செம்மஞ்சள், சாம்பல், ஊதா என்று நிறம் மாற்றி மாற்றிப் பொருத்தி மெஷினில் ஓட்டித் தந்தா. பன்னிரண்டு அடி. பருத்தி என்றபடியால் வியர்வையையும் உறிஞ்சும், தோய்க்கவும் முடியும். அந்தச் சால்வையால் எனக்குக் கிடைத்த சிநேகிதர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்களே செய்யப்போகிறீர்கள் என்றால் ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் வாரம் படம் சேர்ப்பது. தையல்காரரிடம் போகும்போது முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று குறைந்தது மூன்று படம் அச்சடித்துக் கொண்டு போக வேண்டும். போனில் காட்டினால் அவர் பார்க்கும்போதே திரை அணைந்துவிடும். சேலைச் சட்டை தைக்கிறவர்கள் நுணுக்கமாகத் தைப்பார்கள், அவர்களிடம் கொடுக்கப் பயப்பட வேண்டாம். "இது நாடகத்துக்கா தங்கச்சி?" என்று கேட்பார்கள். "ஓம்" என்று சொன்னால் போதும்.

துணிக்குப் புறக்கோட்டை. கெய்சர் வீதியிலும் பிரதான வீதியிலும் சில்லறையாக வாங்குவதை விட மலிவாகக் கிடைக்கும். சின்ன எல்ஈடி பல்ப், வயர், பட்டரிப்பெட்டி போன்றவற்றுக்கு முதலாம் குறுக்குத் தெரு. ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம், கடைகள் பெரும்பாலும் பூட்டு, நடைபாதை வியாபாரம் மட்டும்தான் இருக்கும். கிழமை நாளில் காலை பத்து மணிக்கு முன்னால் போனால் வெயிலும் இல்லை, நெரிசலும் குறைவு.

கவசம், தோள்தட்டு, கிரீடம் போன்றவற்றுக்கு ரிஜிபோம் (தெர்மோகோல்) வேண்டாம். வடிவாக வெட்டலாம், ஆனால் பஸ்ஸில் ஒருவர் இடித்தால் உடைந்து வெள்ளை மணி மணியாகக் கொட்டும். யோகா பாய், சின்னப்பிள்ளைகள் விளையாடத் தரையில் பொருத்தும் புதிர்ப்பாய், இரண்டும் ஈவிஏ என்ற ஒரே வகைப் பொருளில் கிடைக்கும். வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். கூரான கட்டர் கத்தியால் வெட்டி, சூட்டுக்காற்றுத் துப்பாக்கியால் மெல்லச் சூடாக்கினால் வளைத்த வடிவிலேயே ஆறி நிற்கும். சூடு பட்ட மேற்பரப்பு இறுகி மினுங்கும், அதுவே பெயின்ட் உறிஞ்சப்படாமல் தடுக்கும். அதற்கு மேலே வெள்ளை பைண்டர் கம்மை மூன்று நாலு தடவை மெல்லியதாகப் பூசிக் காயவிட்டு, பிறகு அக்ரிலிக் நிறம் அடியுங்கள். ஒட்டுவதற்கு சப்பாத்துத் தைப்பவர்கள் பாவிக்கும் கம் தான் நல்லது. இரண்டு பக்கமும் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும். அந்த மணம் தலையைச் சுற்ற வைக்கும், ஆகவே ஜன்னல் திறந்த அறையில், முடிந்தால் முற்றத்தில் செய்யுங்கள். சூடான குளூ கன்னில் ஒட்டியது வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் இளகும், முக்கியமான மூட்டுகளுக்கு அதை நம்ப வேண்டாம்.

உடுப்பை முழுதாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். இருக்கவேண்டும், நடக்கவேண்டும், படி ஏறவேண்டும், சோறு சாப்பிடவேண்டும், கழிப்பறைக்குப் போகவேண்டும். இதில் ஒன்று முடியாவிட்டாலும் உடுப்பை மாற்ற வேண்டும், உங்களை அல்ல.

இனி, கொழும்பில் கட்டாயம் யோசிக்க வேண்டியவை. இராணுவச் சீருடை போலத் தோன்றும் எதுவும் வேண்டாம். உருமறைப்புத் துணி போட்ட கதாபாத்திரம் எவ்வளவு பிடித்தாலும் வேண்டாம். இலங்கையில் அது சட்டப் பிரச்சினையாகும். விளையாட்டுத் துப்பாக்கி என்றால் பார்த்தவுடனே விளையாட்டுச் சாமான் என்று தெரியும் நிறத்தில் இருக்கவேண்டும், போகிற வழியில் துணியில் சுற்றிப் பைக்குள் இருக்கவேண்டும். உண்மையான கத்தி, வாள் எதுவும் வாசலைத் தாண்டாது. புத்தர் உருவத்தையும் துறவிகளின் காவி உடையையும் உடுப்பின் பகுதியாக்க வேண்டாம். எந்த மதத்தின் வழிபாட்டு உருவமும் அப்படித்தான். முகமூடி போட்டிருந்தால் பாதுகாப்பு உத்தியோகத்தர் கழற்றச் சொல்வார், மறுபேச்சில்லாமல் கழற்றுங்கள். அடையாள அட்டை கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். வடக்குக் கிழக்கிலிருந்து வரும் தம்பி தங்கச்சிமாருக்கு இதை இரண்டு தடவை சொல்கிறேன்: அடையாள அட்டை.

வீட்டில் சம்மதம் கிடைக்காதவர்கள் நிறையப் பேர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். "வளர்ந்த பிள்ளை வேஷம் போட்டுக்கொண்டு திரிவதா?" என்பதுதான் எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. நான் என் வீட்டில் கூத்தைச் சொல்லி விளக்கினேன். மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அரசனுக்குக் கட்டும் கரப்புடுப்பையும் கிரீடத்தையும் ஊரே சேர்ந்து செய்கிறது. அதைக் கட்டியவர் விடியும்வரை ஆடுவார், அடுத்த நாள் வயலுக்குப் போவார். அவரைப் பார்த்து ஒருவரும் சின்னப்பிள்ளை என்று சொல்வதில்லை. ஒரு கதையின் மேல் வைத்த மரியாதையை உடம்பில் காட்டுவது நமக்குப் புதிதல்ல. இப்படிப் பாத்திரங்களின் உடுப்பைப் போடுவதைக் குறிக்கும் கொஸ்பிளே என்ற சொல் 1980 களில் ஜப்பானில் உருவானது. பழக்கம் அதை விடப் பழையது: 1939 இல் நியூயோர்க்கில் நடந்த முதலாவது உலக அறிவியல் புனைவு மாநாட்டுக்கே இரண்டு பேர் எதிர்கால உடுப்பில் போயிருக்கிறார்கள், உடுப்பைத் தைத்தவர் அந்த இருவரில் ஒருவரான மேர்ட்டில் டக்ளஸ். அப்பா கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, "இரவு எத்தனை மணிக்கு வருவாய்?" என்று மட்டும் கேட்டார். அதுதான் சம்மதம்.

வந்து சேர்வது

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறவர்கள் விடியப்புறம் வெள்ளவத்தையில் இறங்கலாம். நாலரைக்கும் ஐந்துக்கும் இடையில் இறங்கி, பத்து மணி வரைக்கும் உடுப்புப் பையோடு வீதியில் நிற்க முடியாது. சொந்தக்காரர் வீடு இல்லாவிட்டால் குளித்து உடுப்பு மாற்ற ஒரு அறையை முன்கூட்டியே பேசி வையுங்கள். மட்டக்களப்பிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்குக் கோட்டை ஸ்டேஷன்.

நிகழ்ச்சி பௌத்தாலோக்க மாவத்தையில் உள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்திலோ அதே வளவிலுள்ள கண்காட்சி மண்டபத்திலோ என்றால், வெள்ளவத்தையில் காலி வீதியில் 154 ஏறினால் போதும், அந்த வீதியாலேயே போகும். கோட்டையிலிருந்து என்றால் 138 இல் ஏறி தும்முல்லைச் சந்தியில் இறங்கி நடக்கலாம், உடுப்புப் பை பெரிதென்றால் அங்கிருந்து ஒரு த்ரீவீலர். பெரிய தோள்தட்டு, சிறகு போன்றவற்றோடு பஸ் ஏற வேண்டாம். நாலு பேர் சேர்ந்து வாகனம் பிடிக்கும் பிக்மீ செயலியில் ஒரு வேன் பிடித்தால் ஆளுக்கு அவ்வளவு வராது.

அந்த மண்டபத்துக்கு வருகிறவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் ஒதுக்க முடிந்தால், அதே வீதியின் பொரளைப் பக்க முனையில் கனத்தை மயானம் இருக்கிறது. ஆர்தர் சி. கிளார்க் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008 மார்ச்சில் கொழும்பிலேயே இறந்தவர். பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றும் செய்மதிகள் மூலம் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945 இலேயே எழுதியவர் அவர். எங்கள் வெள்ளவத்தை வீட்டு மொட்டைமாடியில் இருந்த டிஷ் அந்த உயரத்தைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தது. சுட்டி டிவியில் டோரா தமிழ் பேசியது அந்த டிஷ் வழியாகத்தான் எனக்கு வந்தது. மாநாட்டுக்குப் போகிற காலையில் அந்தக் கல்லறைக்கு ஒரு பூ வைத்துவிட்டுப் போவது எனக்கு இப்போது வழக்கமாகிவிட்டது.

பையில் என்ன

தண்ணீர்ப் போத்தல், பவர் பேங்க், ஊக்கு பத்து, கறுப்பு டேப், சின்னக் கத்தரிக்கோல் (வாசலில் வாங்கி வைத்துவிட்டால் கோபிக்க வேண்டாம்), ஊசி நூல், இன்னொரு சோடிச் செருப்பு, ஒரு சின்னக் கொப்பியும் பேனையும். நூறு, ஐந்நூறு ரூபாத் தாள்களாகக் காசு. மேசை போட்டு விற்கும் மாணவ ஓவியர்களிடம் கார்ட் மெஷின் இருக்காது, ஐயாயிரம் ரூபாவுக்கு மிச்சமும் இருக்காது. சோற்றுப் பார்சலை உள்ளே விடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடாவிட்டால் புறப்பட முன்னர் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். உள்ளே ரோல்ஸ், கொத்து எல்லாம் கிடைக்கும், மத்தியானம் ஒரு மணிக்கு அந்த வரிசை மிக நீளம். பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.

உள்ளே போனபின்

முதல் அரை மணித்தியாலம் ஒன்றும் வாங்க வேண்டாம், படமும் எடுக்க வேண்டாம். மண்டபத்தை ஒரு முழுச் சுற்று நடங்கள். மேடை எங்கே, கழிப்பறை எங்கே, உடுப்பு மாற்றும் அறை எங்கே, காற்று வரும் மூலை எது, ஓவியர்களின் மேசைகள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். உங்கள் தொடரின் சின்னம் எங்கே தெரிகிறது என்றும் கவனியுங்கள். இரண்டாவது சுற்றில்தான் நிற்பது.

ஓவியர்களிடம் வாங்குவது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. தொழிற்சாலையில் செய்த பொம்மையை எந்த நாளும் வாங்கலாம். ஆனால் கட்டுபெத்தையிலோ கண்டியிலோ படிக்கும் ஒரு பிள்ளை, நீங்கள் நேசிக்கும் பாத்திரத்தைத் தன் கையால் வரைந்து கொண்டுவந்து வைத்திருப்பது அந்த ஒரு நாளில் மட்டும்தான். விலை பேச வேண்டாம். அது புறக்கோட்டை அல்ல.

படம் எடுக்க முன்னர் கேளுங்கள், ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். உடுப்புப் போட்டு வந்திருப்பது படம் எடுக்கத் தந்த அனுமதி அல்ல. தோளில் கை போட அனுமதி நிச்சயமாக அல்ல. சின்னப்பிள்ளை என்றால் கூட வந்த பெரியவரைக் கேளுங்கள். சிங்களத்தில் கேட்க: "போட்டோ எகக் கன்ன புளுவன்த?" நன்றிக்கு "ஸ்தூதி." வயதுக்கு மூத்த பெண்ணை "அக்கா" என்றால் இரண்டு மொழியிலும் சரி. சிங்களத்தில் "ஐயா" என்றால் அண்ணன், ஆகவே இருபது வயதுப் பெடியனை ஒருவர் ஐயா என்று கூப்பிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். யாராவது உங்களிடம் எல்லை மீறினால், கேட்காமல் படம் எடுத்துக்கொண்டே பின்னால் வந்தால், உடனே தொண்டர்களிடம் சொல்லுங்கள். பேசாமல் இருந்து நாளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பெண்பிள்ளைகள் இதற்காக வீட்டிலேயே நிற்க வேண்டியதில்லை. துணைக்கு ஒரு சிநேகிதியோடு வாருங்கள், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சந்திக்க ஒரு இடத்தைப் பேசி வையுங்கள்.

மேடை நிகழ்ச்சிகளில் இரண்டை மட்டும் தெரிவு செய்யுங்கள். அறிவிப்பு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஓடும். கேள்வி கேட்க மைக் தந்தால், "நான் உங்களுடைய பெரிய ரசிகை" என்று தொடங்க வேண்டாம், அது எல்லோரும் சொல்வது. ஒரு கேள்வி, ஒரு மூச்சில். "இந்தக் கவசத்தின் மூட்டை எப்படி மடங்க வைத்தீர்கள்?" என்று கேட்டால் அவர் பத்து நிமிஷம் சொல்வார், முழு மண்டபமும் படிக்கும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் கேளுங்கள். நான் ஒரு தடவை பாதியில் சொல் மறந்து நின்றேன். பின்வரிசையில் இருந்த ஒருவர் எழும்பி, "நீங்க தமிழிலேயே கேளுங்க, நான் சொல்றன்" என்றார். அவர் மாத்தளைக்காரர், இப்போது எனக்கு அண்ணன் மாதிரி.

கதைப்பது

இனித்தான் முக்கியமான படி. பழக்கமில்லாதவர்களுக்கு இது உடுப்புத் தைப்பதை விடக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நம் வீடுகளில் தெரியாதவர்களோடு கதைக்க வேண்டாம் என்றுதான் சொல்லி வளர்த்தார்கள்.

முதல் வசனம் பாராட்டாக மட்டும் இருந்தால் கதை அங்கேயே முடியும். "வடிவாயிருக்கு" என்றால் "தேங்க்ஸ்" என்பார்கள், பிறகு இரண்டு பேரும் நிலத்தைப் பார்ப்பார்கள். ஒரு குறிப்பான விஷயத்தைக் கேளுங்கள். "இது எந்தப் பருவத்து உடுப்பு?" "இந்தச் சின்னத்தை எதில் வெட்டினீங்கள்?" "அந்தக் கடைசி அத்தியாயத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டீங்களா?" கடைசிக் கேள்விக்கு அரை மணித்தியாலம் பதில் வரும். ஆனால் மற்றவர் எதுவரை பார்த்திருக்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவைச் சொல்லி ஒருவருடைய மாதங்களைப் பறிக்கக் கூடாது.

இரண்டாவது வருஷம் சால்வையோடு நான் தூணோரம் நின்றபோது அதன் நுனி நிலத்தில் இழுபட்டது. ஒருவர் குனிந்து அதை எடுத்துத் தந்து, "நாலாவது டொக்டரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சிங்களவர், ஐம்பது வயது இருக்கும், மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் பெரியம்மாவின் சேலைகளைப் பற்றிச் சொன்னேன். அவர், 1960 களின் பல அத்தியாயங்களை பிபிசியே அழித்துவிட்டதையும், வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் மைக்கை வைத்து ரசிகர்கள் பதிவு செய்த ஒலிநாடாக்களால் அந்த அத்தியாயங்கள் எல்லாவற்றினதும் ஒலி இன்றைக்கும் மிஞ்சியிருப்பதையும் சொன்னார். எனக்கு அது தெரியும். ஆனாலும் இன்னொருவர் வாயால், அதுவும் அவ்வளவு அக்கறையோடு, முதல் தடவையாகக் கேட்டேன்.

பிறகு அவருடைய சின்ன வயதுக்குப் போனோம். அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியதும், திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்த அங்கே கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரல் கொடுக்க வைத்ததும், பக்ஸ் பன்னி சிங்களம் பேசியதும். நான் தமிழ் பேசிய டோராவைச் சொன்னேன். அவருடைய மகளுக்கு இரண்டும் தெரியாது, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வீட்டிலும் வெளிநாட்டுப் பாத்திரங்கள் வீட்டு மொழி பேசித்தான் உள்ளே வந்திருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு எந்தச் சிங்கள ரசிகரோடும் நீங்கள் கதை தொடங்கலாம். "சின்ன வயதில் என்ன பார்த்தீங்கள்?" என்பதை விட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்ப் பிள்ளைகள் மண்டபத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். பக்கத்தில் நின்றுகொண்டே இரண்டு பேரும் ஆங்கிலத்தில் கஷ்டப்பட்டுக் கதைத்துவிட்டு, போன் அடிக்கும்போது "ஓம் அம்மா, சாப்பிட்டிட்டன்" என்பதைக் கேட்டுத்தான் கண்டுபிடிப்பார்கள். சின்னதாகத் தமிழில் ஏதாவது ஒன்றை உடுப்பில் வையுங்கள். என் சால்வையின் ஓரத்தில் பாத்திரத்தின் பெயரைத் தமிழில் தைத்திருக்கிறேன். அதை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வந்தவர்கள் ஏழு பேர்.

கதைத்து முடிந்ததும் பெயரையும் எந்தத் தொடர் என்பதையும் கொப்பியில் எழுதுங்கள். இலக்கம் கேட்பது சங்கடமென்றால் உங்கள் சமூக ஊடகப் பெயரை எழுதிய சின்னத் தாள்கள் இருபதை வீட்டிலிருந்தே கொண்டுவந்து கொடுங்கள். விரும்பியவர்கள் தேடி வருவார்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இதைப் பெற்றோருக்குத் தெரிந்து செய்யுங்கள்.

களைப்பு வந்தால் வெளியே போய் நிழலில் இருங்கள். சத்தமும் வெளிச்சமும் சிலருக்கு இரண்டு மணித்தியாலத்தில் போதும் என்றாகிவிடும். அதற்காக நீங்கள் குறைந்த ரசிகர் ஆகமாட்டீர்கள். நானும் மூன்று மணிக்கு ஒரு தடவை வெளியே போய் பிளேன்டீ ஒன்று குடித்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.

முடிந்தபின்

மண்டபம் மூடுவதற்கு அரை மணித்தியாலம் முன்னர் புறப்படுங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் வாகனம் தேடுவார்கள். இரவு பஸ்ஸுக்கு இடம் பதிந்தவர்கள் உடுப்பை மாற்றிவிட்டுப் போங்கள், எட்டு மணித்தியாலம் கவசத்தோடு இருக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் ஈவிஏ துண்டுகளை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் வளையும். துணியை அன்றைக்கே தோய்த்துவிடுங்கள், வியர்வை நின்றால் நிறம் மங்கும். கொப்பியில் உள்ளவர்களுக்கு இரண்டு நாளைக்குள் ஒரு வரி அனுப்புங்கள், ஒரு கிழமை போனால் கூச்சம் வந்துவிடும். என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால், அவர் சொன்ன அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி எழுதுங்கள்.

பெரியம்மா இந்த வருஷமும் சால்வையைத் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறா. பன்னிரண்டு அடிக்கு எங்கள் பல்கனிக் கொடி காணாது. ஒரு நுனி பக்கத்து வீட்டு அன்ரியின் கொடியில் தொங்குகிறது. அவ நேற்று வந்து, இது என்ன தொடர் என்று கேட்டா. முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம்.